யாருக்குக் குல்லாய்?

‘குல்லாய் போடுவது’ என்றால் தமிழில் ஏமாற்றுவது என்று ஓர் அர்த்தம் உண்டு. அந்த அர்த்தம் எப்படி வந்தது என்பதை மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது நிஜமான குல்லாயைப் பற்றி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு, அதனால் தலைமயிர் கொட்டிப் போனவர்களுக்காக, நல்ல மனம் படைத்த பெண்கள் ஊசியும் நூலும் கையுமாக உட்கார்ந்து பின்னிக் கொடுக்கிறார்களே, அந்தக் குல்லாய். மேல்நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்து வரும் கைங்கரியம் இது. நம் நாட்டுப் பெரிய பட்டணங்களிலும் பரவி, இப்போது தென்காசி, குற்றாலம் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது நல்லதுதான். வந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஒரு கோஷ்டியாரை வழியனுப்பிவிட்டு மேலே போகிறேன். “குல்லாய் வியாதியைத் தீர்க்குமா? நூலுக்குச் செலவழிக்கும் பணத்தை மருந்துக்குக் கொடுத்தால் என்ன?” என்று கேட்கிறவர்கள் அவர்கள். எந்த நல்ல காரியத்தைக் கண்டாலும் அதைவிட நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டையும் செய்யாமல் வீட்டுக்குப் போகிற சாமர்த்தியசாலிகள். மருந்துக்குச் சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. முழுக்கப் போதாவிட்டாலும் ஏதோ இருக்கிறது. தலைமயிர் போனதற்கு நம் சர்க்கார் பணம் கட்டுவதாகத் தெரியவில்லை.

புற்று அணுக்கள் வேகமாகப் பெருகுகிறவை. அப்படி வேகமாகப் பெருகுகிறவற்றைப் பிடித்து அழிப்பதுதான் அந்த மருந்துகளில் பலவற்றின் வேலை. மயிர்க்கால்களில் உள்ள அணுக்களும் வேகமாகப் பெருகுகிற ஜாதிதான். ஆகையால், திருடனைத் தேடி வந்த போலீஸ்காரர் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் பிடித்த கதையாக, அவையும் அகப்பட்டுக்கொள்கின்றன. எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. கொட்டுகிற மருந்தென்றால், முதல் தடவை ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் தெரிந்துவிடும். வைத்தியம் முடிந்து சில மாதங்களில் மறுபடியும் முளைக்கும். சிலருக்குச் சுருட்டையாகக்கூட முளைக்கும். இடையில் உள்ள மாதங்கள்தான் விஷயம். தலைத்தோல் காந்தும். தலையணை உறை பட்டாலே எரியும். ராத்திரி மின்விசிறிக் காற்றில் மண்டை சில்லிட்டுப் போகும். பகலில் வெயில் சுள்ளென்று நேராக இறங்கும்.

எங்கள் பக்கத்து நோயாளிகளில் சிலர் புளியரை, ஆரியங்காவு வழியாக மலையேறி இறங்கித் திருவனந்தபுரம் போகிறார்கள். 1981-இல் ஏற்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே இருக்கிறது. சிலர் திருநெல்வேலிக்கு, சிலர் மதுரைக்கு. சிலர் பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுவதும் படுத்துச் சென்னைக்கு. அந்த ரயில் பலகையில் எரிகிற தலையை வைத்துப் படுக்கிறவளுக்கு, மெத்தென்று ஒரு துணி எவ்வளவு பெரிய காரியம் என்பது “தீர்க்குமா” கட்சியாருக்குத் தெரியாது. அவர்கள் போகட்டும்.

குல்லாய் வேண்டும். ஆனால் எந்தக் குல்லாய்?

குற்றாலம் என்றதும் பட்டணத்துக்காரர்களுக்குக் குளிர் நினைவு வந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாயில் மேல்காற்று புகுந்து ஆனி, ஆடி மாதங்களில் இங்கே சாரல் அடிப்பது வாஸ்தவம். அந்தச் சாரலில்கூட எங்கள் ஊர்க்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பானே தவிரக் கம்பளியைத் தேடமாட்டான். மாசி கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் வந்து பார்க்கவேண்டும். பேரருவியில் பாறைதான் தெரியும். தென்காசிக் கோவில் வாசலில் கல் சுடும். அந்தச் சூட்டில், வியர்த்துக் காந்தும் மொட்டைத் தலைக்கு ஒரு கம்பளிக் குல்லாயைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள்!

நிஜக் கம்பளி என்றால் உறுத்துகிறது. செயற்கைக் கம்பளி என்றால் வியர்வையை உறிஞ்சாமல் புழுங்குகிறது. லூதியானாப் பக்கத்துச் சரக்கு, விலை சல்லிசு, நிறம் பளிச்சென்று இருக்கிறது. படத்தில் நன்றாக விழுகிறது. உச்சியில் ஒரு குஞ்சம். பக்கவாட்டில் ஒரு பூ. பூவின் நடுவில் ஒரு பித்தான். பின்னிய புண்ணியவதி அந்தப் பித்தானின் மேல் தன் தலையை வைத்து ஒரே ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும். மருந்து ஏறியவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து போவதால் சின்ன அழுக்குகூடத் தொற்றாக மாறும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். தினமும் துவைத்து வெயிலில் காயப் போடத் தக்கதாக இருக்கவேண்டும் தலையில் படுகிற துணி. கம்பளியைத் தினம் துவைத்தால் பத்து நாளில் அது குழந்தைக் குல்லாயாகச் சுருங்கிவிடும்.

பின்னுகிறவர்களுக்கு இந்த மாதிரி யோசனை சொல்வது புதிதல்ல. முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்துப் பெண்கள் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னினார்கள். விரல் நுனியில் தையல் முண்டு விழுந்தால், அகழிச் சேற்றில் நாள் கணக்கில் நிற்பவன் காலில் கொப்புளம் கிளம்பும். ஆகவே முண்டு தெரியாமல் இரண்டு ஓரங்களையும் இணைக்கும் பின்னல் ஒன்று பரவிற்று. அப்போது யுத்த மந்திரியாக இருந்த கிட்சனர் பிரபுவின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பிரபு தாமே ஊசி பிடித்தாரோ என்னவோ, அது நமக்கு வேண்டாம். சாகப் போகிறவன் காலில்கூடத் தையல் உறுத்தக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1962-இல் சீன யுத்தம் வந்தபோது பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். இமயமலைப் பனிக்குக் கம்பளி. அதில் ஒரு பொருத்தம் இருந்தது. குற்றாலத்துக்குக் கம்பளி எந்தப் பொருத்தத்தில் வந்தது? மேல்நாட்டுப் படத்தைப் பார்த்து வந்தது. அங்கே பனி பெய்கிறது. நோய் இல்லாதவர்களும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

பின்னுகிற இன்பம் ஒரு போதை. சும்மா சொல்லவில்லை. ஒயர் கூடை பின்னுகிறவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். எல்லா ஆணியிலும் கூடை தொங்கும். ஆஸ்திரேலியாவில் பிலிப் தீவு என்று ஒன்று இருக்கிறது. கடலில் கசிந்த எண்ணெய் பட்ட சின்னஞ்சிறு பெங்குவின் பறவைகள், இறகைக் கோதும்போது அந்த எண்ணெயை விழுங்கிச் செத்துப் போகாமலிருக்க, அவற்றுக்குக் குட்டிச் சட்டை மாட்டுகிறார்கள். 2014-இல் இந்தச் சேதி உலகமெல்லாம் பரவ, பல தேசத்துப் பாட்டிமார்களும் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். தேவைக்கு மேல் மலையாகக் குவிந்துவிட்டது. மிச்சத்தைப் பொம்மைப் பெங்குவின்களுக்கு மாட்டி விற்று, அந்தப் பணத்தைப் பறவைகளுக்குச் செலவிட்டார்கள். அங்கே மிச்சச் சட்டைக்குப் பொம்மை கிடைத்தது. இங்கே மிச்சக் குல்லாய்க்குத் தலை தேடுகிறார்கள்.

எண்ணிக்கையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. பிறகு அதைப் பிரித்து, இல்லாதவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். பாராட்டவேண்டிய காரியம். போர்வை யாருக்கும் போர்வைதான். அளவு கேட்காது, ரகசியமும் கேட்காது. குல்லாய் இரண்டையும் கேட்கிறது.

ரகசியம் என்றேன். அதுதான் இந்தக் கட்டுரையின் கோபம்.

நம் ஊரில் ஆண்பிள்ளை மொட்டைத் தலையோடு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பதியோ பழனியோ என்று நினைத்துக்கொள்வார்கள். பெண்ணின் மொட்டைத் தலைக்கு முன்பெல்லாம் இரண்டு அர்த்தங்கள். ஒன்று வேண்டுதல், இன்னொன்று, சில ஜாதிகளில் புருஷனை இழந்தவளுக்குச் செய்த கொடுமை. இரண்டாவது வழக்கம் தொலைந்து போயிற்று, பீடை விட்டது. ஆனாலும் அந்த நினைவு நமது கண்களில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது மூன்றாவதாக வியாதி சேர்ந்திருக்கிறது. எந்தப் பெண்ணும் குல்லாய் போடாத ஊரில் ஒருத்தி பின்னல் குல்லாய் போட்டுக்கொண்டு கிளம்பினால், அது தலையில் மாட்டிய விளம்பரப் பலகைதான். எதை மறைக்கவேண்டுமோ அதை எட்டுத் தெருவுக்கு அறிவிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மதினி. ரத்த உறவு இல்லை. தெரு முறையில் மதினி. ஐம்பது வயதிருக்கும். மார்பில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை ஆகி, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் கொத்துக் கொத்தாக முடி கழன்றது. மதினி ஒரு காரியம் செய்தாள். பஸ் ஏறித் திருச்செந்தூர் போய், கடலில் முழுகி, மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். “செந்தூரானுக்கு நேர்ந்திருந்தேன்” என்றாள். தெரு நம்பிற்று. முருகனும் ஆட்சேபிக்கவில்லை. மூத்த பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. காரணம் புரிகிறதல்லவா?

பகலில் முந்தானை போதும்; ராத்திரிதான் படுத்த பாடு. அந்த நிலையில், குற்றாலத்தில் யாரோ குல்லாய் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய்விட்டாள். பெரிய பட்டணம் ஒன்றிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு குழுவினர். அருவிக் குளியலும் ஆயிற்று, தர்மமும் ஆயிற்று. மேடை போட்டிருந்தார்கள். பின்னால் துணியில் அச்சடித்த பெரிய பெயர்ப் பலகை. பன்னிரண்டு நோயாளிகளை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிரமுகர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிந்ததும், குல்லாய் சூட்டும் படலம். “முந்தானையை எடும்மா, தலை தெரியட்டும்” என்றாராம் படம் எடுக்கிறவர். எடுத்தாள். வேறு என்ன செய்வாள், மேடையில் உட்கார்ந்த பிறகு? வெறும் தலையோடு ஒரு படம், குல்லாயோடு ஒரு படம். மறுநாள் காலையில் அது எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை கைபேசியிலும் இருந்தது. வரன் வீட்டார், “யோசித்துச் சொல்லுகிறோம்” என்றார்கள். இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் குல்லாயைக் கையில் வைத்திருந்தாள். ரோஜா நிறம். “குல்லா என்னமோ நல்லாத்தான் பின்னியிருக்காவ தம்பி. போட்டாத்தான் காந்துது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் போட்டாவ மட்டும் அழிக்கச் சொல்ல முடியுமா?” என்று கேட்டாள்.

சொல்லிப் பார்த்தேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. விழிப்புணர்வுக்காகப் போட்டிருக்கிறோம் என்றார்கள்.

இந்த விழிப்புணர்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. அந்த மட்டில் அது தன் வேலையைச் செய்கிறது. யாருக்கு வேண்டும் விழிப்பு? வரன் வீட்டாருக்கு வேண்டும். தாய்க்கு வந்தது மகளுக்கும் வந்தே தீரும் என்று நினைக்கிறார்களே, அவர்களுக்கு வேண்டும். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை வழி வருகிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அதை அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்லுங்கள். சந்தையில் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லுங்கள். வியாதி வந்தவளை மேடையேற்றித் தலையைத் திறந்து காட்டுவது யாருக்கு என்ன பாடம்? இந்த மூட உலகத்தோடு சண்டை போடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. சண்டையை எப்போது ஆரம்பிப்பது, ஆரம்பிப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறவள் அவள். வெறும் தலையோடு நிமிர்ந்து கடைத்தெருவுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களை நான் கும்பிடுகிறேன். அந்தத் தைரியத்தை இன்னொருத்தியின் தலையில் நாம் ஏற்றி வைக்க முடியாது. ஒரு குல்லாயின் விலைக்கு நிச்சயமாக முடியாது.

நான் கேட்கிறேன்: ஏழைப் பெண்களுக்கு உள்பாவாடை தானம் செய்கிற சங்கம் ஒன்று இருந்தால், மேடையில் வைத்து உடுத்திப் படம் எடுப்பார்களா? மாட்டார்கள். இந்தக் குல்லாயும் எங்கள் ஊரில் ஓர் உள்ளாடைதான். முந்தானைக்கு அடியில் இருக்கவேண்டியது, படுக்கையில் போட்டுக்கொள்ளவேண்டியது. கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. தலையை மூடுவது அவர்கள் வழக்கம், உள்ளே என்ன போட்டிருந்தாலும் ஒருவரும் கேட்பதில்லை. மற்றவர்களுக்கும் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தால் போதும். மெல்லிசாக, பருத்தி நூலில், முண்டு முடிச்சு இல்லாமல், குஞ்சமும் பூவும் பித்தானும் இல்லாமல். புடைவைக்கு அடியில் தெரியாத நிறம். கறுப்போ, அரக்கோ, நீலமோ. காது மடலை மூடிப் பிடரி வரை இறங்கவேண்டும். பெரியவர்கள் தலைச் சுற்றளவு இருபத்தோரு, இருபத்திரண்டு அங்குலம் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதைவிட ஓர் அங்குலமோ இரண்டோ குறைத்துப் பின்னினால்தான் மயிர் இல்லாத தலையில் நழுவாமல் நிற்கும். ஆளுக்கு ஒன்று போதாது; ஒன்று துவைத்தால் ஒன்று போட இரண்டாவது வேண்டும். நூறு பேருக்கு ஒவ்வொன்று என்பதைவிட ஐம்பது பேருக்கு இரண்டிரண்டு என்பது படத்துக்குக் குறைவுதான்; தலைக்கு நிறைவு.

பருத்தி நூலுக்கு நாம் எங்கே போவது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த சீமை இது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து மலைத் தண்ணீரின் விசையில் நூல் ஆலை ஓட்டினார்கள். கைவேலைக்கும் பஞ்சமில்லை. நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவியும், இடையன்குடியில் கால்டுவெல் பாதிரியாரின் மனைவி எலைசா அம்மாளும் அந்த நூற்றாண்டிலேயே நம் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்றுக் கொடுத்தார்கள். அந்த வேலை கப்பலேறி வெளிநாடு போயிற்று. வெயில் நாட்டில் மெல்லிய நூல் வேலை எப்படி இருக்கவேண்டும் என்பது எங்கள் பெண்களின் விரலுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு மேடை தேவைப்படாததால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சேவை செய்கிற பெண்களையே இவன் கேலி செய்கிறான் என்று யாரும் எழுதவேண்டாம். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது யார்? தம் சகோதரியை அந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், அவரோடு நின்று நிதி திரட்டிய இந்திய மாதர் சங்கத்தாரும்தான். அங்கே 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்ணை மூடும் வரைக்கும் அந்த வளாகத்தைவிட்டு நகரவில்லை. பெண்கள் சங்கம் என்றால் எனக்கு நினைவு வருவது அந்தப் படுக்கைகள். அந்த வழியில் வந்தவர்களைப் பார்த்து, “ஊசியைக் கீழே வை” என்று நான் எதற்குச் சொல்லுகிறேன்? “அளவு எடு” என்கிறேன்.

கூந்தலை வெட்டித் தானம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு டோப்பா கட்ட ஒருத்தி தலைமயிர் போதாது, பலர் கொடுக்கவேண்டும். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொள்வதும் சுலபமல்ல. அதைத் தனியாக எழுதவேண்டும்; இங்கே இடமில்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம். “படம் போடாவிட்டால் நூல் வாங்க யாரும் பணம் கொடுக்கமாட்டார்களே, என்ன செய்வது?” என்று அந்தக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார். பொய் இல்லாத கேள்வி. எனக்கு அவர் பேரில் மரியாதை உண்டாயிற்று. படம் போடுங்கள், அம்மா. குல்லாயைப் படம் எடுங்கள். பின்னிய கையைப் படம் எடுங்கள். தலை ஒன்று வேண்டும் என்று தோன்றினால், தென்காசிச் சந்தையில் மட்டை உரிக்காத தேங்காய் கிடைக்கும். ஏறக்குறைய அளவும் சரியாக இருக்கும். அதன் மேல் கவிழ்த்து, எத்தனை கோணத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரன் பார்க்கவேண்டிய பெண் இல்லை.